அட்டா ஆற்றோடு ஒரு நாள் நடை: படெர்னோ பாலத்தடியிலிருந்து ட்ரெட்சோ கோட்டை வரை

மிலானுக்குப் போகிறவர்கள் பேராலயத்தைப் பார்ப்பார்கள், கடைவீதியைச் சுற்றுவார்கள், நேரம் மிச்சமிருந்தால் கோமோ ஏரிக்கு ரயில் ஏறுவார்கள். அந்த ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு எங்கே போகிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அந்த ஆற்றின் பெயர் அட்டா. லெக்கோ ஊரருகே ஏரியை விட்டு இறங்கி, தெற்கே போ நதியில் போய்ச் சேர்கிறது. நடுவில் மலைச்சரிவு முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், படெர்னோவுக்கும் ட்ரெட்சோவுக்கும் இடையே, ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றைக் குடைந்துகொண்டு ஓடுகிறது. ஆற்றங்கரையை ஒட்டியே சுமார் 10 கிலோமீட்டர் பாதை. நின்று நிதானமாகப் பார்த்தால் ஒரு முழு நாள்.

இந்த நடை அழகுக்காகப் போட்ட பாதையில் இல்லை. மேல்நோக்கிப் போகும் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்ற தடம் இது. இத்தாலியில் இதற்கு அல்சாயா என்று பெயர். படகு, பருத்தி ஆலை, மின்சாரம் என்று ஒவ்வொரு நூற்றாண்டும் இந்தத் தண்ணீரிடம் ஏதோ ஒரு வேலை வாங்கியிருக்கிறது. அந்த வேலைகளின் மிச்சங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் இந்த வழியின் சுவை. அதனால்தான் நீரோட்டத்தோடு, மேலிருந்து கீழாக, படெர்னோவில் தொடங்கி ட்ரெட்சோவில் முடிக்கச் சொல்கிறேன். எதிர்த்திசையிலும் நடக்கலாம். ஆனால் கால் ஓய்ந்த நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி ரயில் பிடிக்க வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முன்

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் காடு நிழல் தரும் என்றாலும் புழுக்கமும் கொசுவும் சேர்ந்து வாட்டும். நவம்பருக்குப் பிறகு மூடுபனியில் பாலமே தெரியாமல் போகலாம்.

நல்ல பிடிப்புள்ள ஷூ போதும், மலையேற்ற பூட்ஸ் அவசியமில்லை. பாதையின் முதல் பாதியில் சரளைக்கல்லும் சரிவும் உண்டு. பிற்பாதி சமதளம். முழுநீளக் கால்சட்டை போட்டுக்கொள்வது நல்லது, புல்வெளி ஓரங்களில் உண்ணி இருக்கும். மாலையில் குளிக்கும்போது காலையும் முழங்கால் மடிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். கீழே இறங்கிவிட்டால் கடை எதுவும் கிடையாது என்று வைத்துக்கொண்டு, சாப்பாட்டைப் பையிலேயே எடுத்துப் போங்கள். வழியில் ஏதாவது திறந்திருந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

இன்னொன்று: இந்தப் பள்ளத்தாக்கின் பாறைகள் அவ்வப்போது உதிரும். அப்போது பாதையின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். இந்தப் பகுதி முழுவதும் பார்க்கோ அட்டா நோர்ட் என்ற வட்டாரப் பூங்காவின் பொறுப்பில் இருக்கிறது. கிளம்பும் முன் அவர்களுடைய அறிவிப்புகளை ஒருமுறை பாருங்கள். வழியில் 'கியூசோ' என்ற சொல்லோடு தடுப்பு வைத்திருந்தால் 'மூடியிருக்கிறது' என்று பொருள். தடுப்பைத் தாண்டிப் போகும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து நாமும் தாண்ட வேண்டாம்.

ரயிலில் படெர்னோவுக்கு

மிலான் போர்டா கரிபால்டி நிலையத்திலிருந்து கர்னாத்தே வழியாகப் பெர்கமோ பக்கம் போகும் வட்டார ரயிலில் ஏறி, படெர்னோ-ரொப்பியாத்தே என்ற சின்ன நிலையத்தில் இறங்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுவார்கள். மிலானிலிருந்து பெர்கமோவுக்கு இரண்டு வழிகள் உண்டு. த்ரெவில்யோ வழியாகப் போகும் ரயில் படெர்னோ பக்கமே வராது. 'பெர்கமோ' என்ற பலகையை மட்டும் பார்த்து ஏறாமல், நடுவில் வரும் நிலையங்களின் பெயர்களையும் படித்துவிட்டு ஏறுங்கள். காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம், 'வெளிநாட்டுக்காரன், தெரியாது' என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டால் நாள் நிதானமாகப் போகும்.

பாலம்: முதலில் மேலே, பிறகு கீழே

நிலையத்திலிருந்து பாலம் சில நிமிட நடைதான். நேரே ஆற்றுக்கு இறங்கிவிடாதீர்கள். முதலில் சான் மிக்கேலே பாலத்தின் மேலே, ஓரத்து நடைபாதையில் நடுப்பகுதி வரை போய்த் திரும்புங்கள். காலுக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேலான பள்ளம், அடியில் பச்சை நிறத்தில் ஆறு. உயரத்தில் தலை சுற்றுகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தால் போதும்.

1887-ல் தொடங்கி 1889-ல் திறந்த இரும்புப் பாலம் இது. பாரிசில் ஈபிள் கோபுரம் திறந்ததும் அதே 1889-தான், இரண்டுக்கும் சாயல் ஒன்று என்பதைப் பார்த்ததும் உணர்வீர்கள். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பொறியாளர் யூலியுஸ் ரோத்லிஸ்பெர்கர். மொத்த நீளம் 266 மீட்டர், ஒரே வளைவு 150 மீட்டர் அகலத்தைத் தாண்டுகிறது. வெல்டிங் கிடையாது, எல்லாம் ரிவெட் அடித்துச் சேர்த்தவை. மேல் தளத்தில் சாலை, அதற்கு அடியிலேயே ரயில் தண்டவாளம். 2018-ல் பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடிவிட்டார்கள். பழுதுபார்த்து அடுத்த ஆண்டு மனிதர்களையும் கார்களையும் விட்டார்கள், ரயில் 2020-ல்தான் திரும்ப ஓடியது. நீங்கள் மேலே நிற்கும்போது அடியில் ரயில் போனால் பாலம் லேசாக அதிரும். பயப்பட வேண்டாம், ஆனால் மறக்கவும் மாட்டீர்கள்.

அக்கரையைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1428 முதல் 1797 வரை அந்தக் கரை வெனிஸ் குடியரசின் நிலம், நீங்கள் நிற்கும் கரை மிலானுடையது. பாலத்தின் இரண்டு முனைகளும் அன்று இரண்டு நாடுகள்.

சரி, இப்போது இறங்கலாம். மிலான் பக்கத்துக் கரையில், பாலத்தருகிலிருந்து ஆற்றுக்கு வளைந்து வளைந்து இறங்கும் வழி இருக்கிறது. இந்த நடையிலேயே முழங்காலுக்கு வேலை கொடுக்கும் இடம் இதுதான். கீழே வந்ததும் நீரோட்டத்தின் திசையில் திரும்புங்கள். இனி ட்ரெட்சோ வரை ஆறு உங்கள் இடதுகைப் பக்கம். இதைவிட எளிய வழிகாட்டுதல் எனக்குத் தெரியாது: ஆறு வலதுகைப் பக்கம் வந்துவிட்டால் நீங்கள் திரும்பி நடக்கிறீர்கள். கிளம்பும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மேலிருந்து பார்த்த பாலமும் கீழிருந்து பார்க்கும் பாலமும் ஒன்றுதான் என்று நம்பச் சிரமமாக இருக்கும்.

வாய்க்காலும் அதன் நீர்ப்பூட்டுகளும்

இந்தப் பகுதிதான் நடையின் உயிர். இங்கே வேகமாக நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம் வரும்.

பாதையின் ஓரமாகவே கல் கட்டிய பழைய வாய்க்கால் ஒன்று கூட வரும். படெர்னோ நாவில்யோ என்று பெயர். ஏன் ஆற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாய்க்கால்? இடது பக்கம் பார்த்தால் விடை தெரியும். இங்கே அட்டா பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. ஏரியிலிருந்து மிலானுக்குச் சரக்கு கொண்டுபோக விரும்பியவர்களுக்கு இந்தச் சில கிலோமீட்டர்தான் தடை. மற்ற இடமெல்லாம் படகு ஓடும், இங்கே மட்டும் ஓடாது. ஆகவே ஆற்றைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வாய்க்கால் வெட்ட நினைத்தார்கள்.

நினைத்ததற்கும் முடித்ததற்கும் நடுவே இரண்டரை நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிலானைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே இந்தப் பேச்சு தொடங்கியது. லியனார்டோ டா வின்சியும் இந்தத் தடையைத் தாண்டும் வழியை யோசித்து வரைந்து பார்த்திருக்கிறார். 1591-ல் ஜுசெப்பே மெடா என்ற பொறியாளர் உண்மையிலேயே வேலையைத் தொடங்கினார். பணம் போதவில்லை, வெள்ளம் வேறு வந்தது, தகராறுகள் முற்றி அவர் சிறைக்கும் போனார். 1599-ல் இறந்தார், வாய்க்கால் முடியவில்லை. கடைசியில் ஆஸ்திரிய ஆட்சியில், பேரரசி மரியா தெரேசா காலத்தில், 1777-ல்தான் படகு ஓடியது.

நீளம் சுமார் 2.6 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் தண்ணீர் ஏறத்தாழ 27 மீட்டர் இறங்க வேண்டும். அதற்காக 6 நீர்ப்பூட்டுகள் கட்டினார்கள். நீர்ப்பூட்டு என்பது பெரிய கல் தொட்டி, முன்னும் பின்னும் மதகுக் கதவு. இறங்கும் படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை மூடி, தொட்டித் தண்ணீரைக் கீழே வடியவிடுவார்கள். தண்ணீரோடு படகும் மெதுவாக இறங்கும். கீழ்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவு திறக்கும். ஏறும் படகுக்கு இதையே தலைகீழாகச் செய்வார்கள். பாதையில் போகும்போது வாய்க்கால் திடீரென்று ஆழமான கல் குழியாக மாறும் இடங்களில் நின்று எட்டிப் பாருங்கள், அவைதான் பூட்டுகள். சுவரின் உயரத்தைப் பார்த்தால் படகு ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இறங்கியது என்று புரியும். இன்று படகும் இல்லை, கதவும் இல்லை, பல இடங்களில் புதர் மண்டிக் கிடக்கிறது. ரயில் வந்து சரக்கை வாங்கிக்கொண்டது, மின் நிலையங்கள் வந்து தண்ணீரை வாங்கிக்கொண்டன.

சிறிது தூரத்தில் ஸ்தல்லாட்சோ என்ற பழைய கட்டடம் வரும். படகு இழுத்து வந்த குதிரைகளை மாற்றி, தீனி போட்டு, ஆட்களும் இளைப்பாறிய லாயம் இது. நீங்களும் இங்கேயே உட்கார்ந்து பையைத் திறக்கலாம்.

இந்தப் பக்கத்தில் ஆற்றுக்குள் செங்குத்தாக நிற்கும் பாறைகளுக்கு த்ரே கோர்னி, அதாவது மூன்று கொம்புகள், என்று பெயர். லியனார்டோவின் 'பாறைகளின் கன்னி' ஓவியத்தின் பின்னணி இந்த இடம்தான் என்று உள்ளூரில் உறுதியாகச் சொல்வார்கள். தகவல் பலகையும் அதையே சொல்லும். நிரூபித்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்த ஓவியத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு பாறையையும் பாருங்கள், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்றாவது தெரியும். இந்தப் பாறை கருங்கல் இல்லை. ஆற்றுக் கூழாங்கற்களும் மணலும் சுண்ணாம்பால் ஒட்டி இறுகியது, உள்ளூர்ப் பெயர் செப்போ. கையால் தடவிப் பார்த்தால் உருண்டைக் கற்கள் தனித்தனியாகத் தட்டுப்படும். இந்தக் கல்லை நாளின் கடைசியில் இன்னொரு முறை பார்க்கப் போகிறோம்.

வலது பக்கம் மேலே, பாறை முனையில், ரொக்கெத்தா என்ற சின்ன மாதா கோயில் இருக்கிறது. 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படியேறிப் போக வேண்டும். கோயில் பூட்டியிருந்தாலும் ஏறுங்கள், அங்கிருந்து ஆறு, வாய்க்கால், எதிர்க்கரைக் காடு மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

மின்சாரம் வந்த இடம்

பூட்டுகள் முடியும் பக்கத்தில் பெர்த்தினி மின் நிலையம் வருகிறது. 1898-ல் ஓடத் தொடங்கியது. படகை மறித்த அதே நீர்வீழ்ச்சிதான் இங்கே டர்பைனைச் சுற்றியது. அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று. இங்கிருந்து கம்பி வழியே போன மின்சாரத்தில்தான் மிலானின் டிராம்கள் ஓடின. கொஞ்சம் கீழே எஸ்தெர்லே மின் நிலையம், 1914-ல் முடிந்தது. இதை முதல்முறை பார்ப்பவர்கள் யாரோ பிரபுவின் மாளிகை என்றே நினைப்பார்கள். அலங்கார ஜன்னல்களும் செங்கல் வேலைப்பாடும் அப்படி. ஒரு எந்திரக் கூடத்துக்கு இவ்வளவு ஒப்பனை எதற்கு என்று கேட்டால், அன்றைக்கு மின்சாரம் என்பது பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோடையில் தண்ணீர் பச்சைப் பளிங்கு மாதிரி கிடக்கும், காலை நனைக்கத் தோன்றும். இறங்காதீர்கள். மேலே அணைக்கட்டும் மதகும் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் கொஞ்ச நேரத்திலேயே நீர்மட்டம் ஏறிவிடும், வானில் ஒரு மேகம்கூட இல்லாத நாளிலும். 'பெரிக்கோலோ' என்று எழுதிய மஞ்சள் பலகைகள் இதைத்தான் சொல்கின்றன.

அமைதியான ஐந்து கிலோமீட்டர்

எஸ்தெர்லே தாண்டியதும் பேச ஒன்றும் இல்லை, அதுவே நல்லது. பள்ளத்தாக்கு விரிகிறது, இரைச்சல் அடங்குகிறது, கீழே ட்ரெட்சோவில் கட்டிய தடுப்பால் ஆறு குளம்போல் அகலமாகிறது. அன்னமும் நீர்க்காகமும் சாம்பல் நாரையும் சாதாரணமாகத் தென்படும். மீன்கொத்தி வேண்டுமென்றால் பேச்சைக் குறைக்க வேண்டும். பாதை சமதளமாக இருப்பதால் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள். மணியடித்தால் வலது ஓரம் ஒதுங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் ஒதுங்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

ட்ரெட்சோ

ஆறு பெரிதாக வளையும் இடத்தில், கரையிலேயே கரும்பழுப்பு நிறத்தில் நீளமான கட்டடம் தெரியும். அதற்கு மேலே மேட்டில் ஒரு சதுரக் கோபுரம். கீழே இருப்பது டக்கானி மின் நிலையம், மேலே இருப்பது விஸ்கோந்தி கோட்டை. இரண்டுக்கும் நடுவே 500 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆனாலும் ஒரே கையால் கட்டியது போல இருக்கும். காரணம், 1906-ல் முடிந்த டக்கானியைக் கட்டியவர் கயெதானோ மொரெத்தி, கோட்டைக்கு ஒத்துப்போக வேண்டும் என்று அதே செப்போ கல்லைப் போர்த்திவிட்டார். காலையில் தடவிப் பார்த்த கூழாங்கல் பாறை இங்கே சுவராக நிற்கிறது. இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் எது என்றால், கோட்டை இல்லை, இந்த மின் நிலையம்தான்.

ஊருக்குள் மேலேறி கோட்டைக்குப் போகலாம். உள்ளே போகவும் கோபுரம் ஏறவும் குறிப்பிட்ட நாட்களில்தான் விடுவார்கள், பெரும்பாலும் ஞாயிறு. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மிலானை ஆண்ட பெர்னபோ விஸ்கோந்தி இதைக் கட்டினார். 1385-ல் அவருடைய அண்ணன் மகன் ஜான் கலெயாட்சோ அவரைப் பிடித்து இதே கோட்டையில் அடைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கிழவர் இங்கேயே செத்துப்போனார். விஷம் வைத்ததாகப் பேச்சு.

கோட்டையைவிடப் பெரிய அதிசயம் இப்போது இல்லாதது. 1377-ல் பெர்னபோ இங்கே ஒரு பாலம் கட்டி முடித்தார். ஒரே கல் வளைவு, அகலம் 72 மீட்டர். 1416 முற்றுகையில் அதை இடித்துவிட்டார்கள். கல் வளைவுப் பாலங்களில் அந்த அகலத்தை 20-ம் நூற்றாண்டு பிறக்கும் வரை உலகில் யாரும் மிஞ்சவில்லை. கரையில் வளைவின் அடித்துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து எதிர்க்கரை வரை கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

பசித்தால் ஊர்ச் சதுக்கத்தின் பக்கம் போங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பொலெந்தா தரன்யா இருக்கிறதா என்று கேளுங்கள். மக்காச்சோள மாவும் பக்வீட் மாவும் சேர்த்துக் கிண்டி, வெண்ணெயும் சீஸும் தாராளமாகப் போட்ட களி. கூடவே தொத்திறைச்சி வைக்கும் பழக்கம் உண்டு, 'சென்சா கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். கசொன்செல்லி என்ற கொழுக்கட்டை மாதிரிப் பாஸ்தா பார்க்க அப்பாவியாக இருக்கும், உள்ளே இறைச்சி. மதியச் சாப்பாடு இரண்டு இரண்டரை மணியோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு பாரில் பானினியும் காபியும்தான்.

கால் இன்னும் தாங்கினால்

ட்ரெட்சோவிலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் கீழே நடந்தால் கொன்செசா. இங்கிருந்துதான் மர்த்தெசானா வாய்க்கால் பிரிகிறது. 15-ம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ ஸ்போர்சா வெட்டியது. இங்கே கிளம்பும் தண்ணீர் மிலான் வரை போகிறது, சைக்கிள் இருந்தால் கூடவே போகலாம். எதிர்க்கரையில் க்ரெஸ்பி டாட்டா. 1878-ல் கிறிஸ்டோபொரோ பெனின்யோ க்ரெஸ்பி என்ற ஆலை முதலாளி ஒரு பருத்தி ஆலையும், அதன் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளும், பள்ளிக்கூடமும், தேவாலயமும், கல்லறைத் தோட்டமும் சேர்த்து உருவாக்கிய ஊர். டக்கானி மின் நிலையத்தைக் கட்டச் சொன்னதும் இவர்தான். கல்லறைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் சின்னச் சிலுவைகளுக்கு மேலே ஓங்கி நிற்கும் முதலாளி குடும்பத்துச் சமாதியைக் கட்டியதும் அதே மொரெத்திதான். 1995 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஆலை ஓட்டம் 2003-ல் நின்றுவிட்டது, வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கொன்செசாவிலிருந்து நடைப்பாலம் வழியே போகலாம். அது திறந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ட்ரெட்சோ பாலம் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

திரும்பும் வழி

ட்ரெட்சோவில் ரயில் நிலையம் கிடையாது. ஜெஸ்ஸாத்தே வரை பஸ், அங்கிருந்து மிலானின் பச்சை மெட்ரோ. ஜெஸ்ஸாத்தேதான் அந்த மெட்ரோவின் கடைசி நிலையம் என்பதால் உட்கார இடம் நிச்சயம். மிலான் நகருக்கு மட்டுமான டிக்கெட் இங்கே செல்லாது, ட்ரெட்சோவையும் சேர்த்த மண்டல டிக்கெட் வாங்க வேண்டும். ஞாயிறும் விடுமுறை நாளும் பஸ் மிகக் குறைவு. கோட்டை ஞாயிறுதான் திறக்கும், பஸ் ஞாயிறுதான் மிகக் குறைவு, இதுதான் இந்த ஊரின் சிக்கல். காலையிலேயே கடைசி பஸ் நேரத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்கத் திட்டமிடுங்கள்.